ஒரு மோதல், ஒரே புள்ளி: சமூக ஊடகப் பதிவுகளிலிருந்து விபத்து வரைபடம்

சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் கார்கள் மோதினால் டெலிகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் அதே செய்தி பலமுறை வந்துவிடும். அத்தனையையும் புள்ளியாக வைத்தால், அதிகம் பேசப்பட்ட இடம்தான் சிவப்பாகத் தெரியும். ஆகவே, பதிவுகளைச் சேகரிப்பதைவிட இரட்டிப்பை நீக்குவதற்கே கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

அடித்தளத்துக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தரவுத் தளமான டேட்டாமாலில் இலவச அணுகல் சாவி (ஏபிஐ கீ) வாங்கி, சாலைச் சம்பவத் தரவை எடுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை அதிலேயே உண்டு. ஆனால் அப்போது நடப்பவை மட்டுமே அதில் இருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இழுத்துச் சேமிக்காவிட்டால் போனது போனதுதான். செய்தியின் தொடக்கத்தில் நாள், மாதம், நேரம் இருக்கும், ஆண்டு இருக்காது. சேமிக்கும்போதே சேர்த்துவிடுங்கள்.

பதிவுகளில் 'ஆக்சிடென்ட்' என்று மட்டும் தேடினால் மலாயில் 'லங்கர்' (மோதல்) என எழுதியவை தப்பிவிடும். சீன, தமிழ்ச் சொற்களையும் சேருங்கள். அண்டையிலுள்ள மலேசியாவின் ஜோகூர் காணொளிகளும் கலந்து வரும், அவற்றைக் கழியுங்கள். 'யூனோஸ் எக்ஸிட் தாண்டி, சாங்கி நோக்கி' என்பதை அரசாங்க வரைபடத் தளமான ஒன்மேப்பில் அப்படியே தேடினால் சரியான இடம் கிடைக்காது. யாரும் பயன்படுத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலிருந்து விரைவுச்சாலை, திசை, வெளிவழி அடங்கிய பட்டியலை நீங்களே தயாரிப்பதுதான் சரி.

ஒரே சாலை, ஒரே திசை, 500 மீட்டர், 45 நிமிடம்: இந்த நான்குக்குள் வருபவற்றை ஒரே விபத்தாக எண்ணுங்கள். டேஷ்கேம் காணொளி நாள்கணக்கில் தாமதமாக வரலாம்; பதிவேறிய நேரத்தை நம்பாமல் திரையில் ஓடும் நேரத்தை எடுங்கள். அந்தக் கடிகாரமும் தவறலாம் என்பதால் டேட்டாமாலோடு ஒப்பிடுங்கள். வண்டி எண்களை இந்தக் கட்டத்திலேயே அழித்துவிடுங்கள்.

பிறகு கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் புள்ளிகளை, மீட்டரில் அளக்கும் சிங்கப்பூர் ஆயமுறையான எஸ்விஒய்21க்கு (குறியீடு இபிஎஸ்ஜி 3414) மாற்றி, நெருங்கிய புள்ளிகளைக் கொத்தாக்கும் டிபிஸ்கேன் முறையை ஓட்டுங்கள்: தூரம் 150 மீட்டர், குறைந்தது 5 விபத்து என்று தொடங்கலாம். மாற்ற மறந்தால் 150 என்பது பாகைக் கணக்காகி, தீவு முழுவதும் ஒரே கொத்தாகிவிடும். சாலை, திசை வாரியாகத் தனித்தனியே ஓட்டுங்கள். இல்லாவிட்டால் எதிர்த்தடமும் மேம்பாலத்துக்குக் கீழுள்ள சாலையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கொத்துகளை அந்தச் சாலையில் ஓடும் வாகன எண்ணிக்கையால் வகுக்காமல் வரிசைப்படுத்தாதீர்கள். பேட்டைச் சாலையில் முதியவர் ஒருவர் விழுந்தால் அதைப் படம்பிடித்துப் போடுவோர் குறைவு. 2014 முதல் அமைக்கப்பட்டுவரும் சில்வர் ஸோன்களை (முதியோருக்கான பாதுகாப்புச் சாலைப் பகுதிகளை) தனி அடுக்காகச் சேர்த்து, பதிவே இல்லாத பகுதிகளுக்குச் சாம்பல் நிறம் கொடுங்கள், பச்சை வேண்டாம்.