செம்பு நுரைக்குள் உப்பு: வெப்பச் சேமிப்புக்கு ஓர் எளிய செய்முறை

சோடியம் அசிட்டேட் ட்ரைஹைட்ரேட் 58 டிகிரி செல்சியசில் உருகும்போது கிராமுக்குச் சுமார் 250 ஜூல் வெப்பத்தை உள்வாங்கிக்கொள்கிறது. கையைச் சூடாக்கும் பைகளில் இருப்பது இந்த உப்புதான். இதற்கு மூன்று குறைகள் உண்டு: உருகும்போது நீரும் உப்பும் பிரிகின்றன, குளிரும்போது உறைய மறுக்கிறது, வெப்பத்தை மந்தமாகக் கடத்துகிறது. பஞ்சுபோல் துளைகள் நிறைந்த செம்புத் துண்டான செம்பு நுரை தீர்ப்பது மூன்றாவதை மட்டுமே. முதல் இரண்டையும் சரிசெய்யாமல் நுரை வாங்குவது வீண்செலவு.

முதல் படி: உப்பைப் பக்குவப்படுத்துதல்

100 கிராம் உப்பை மூடிய பீக்கரில் இட்டு, 80 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் உருக்குங்கள். மூடி அவசியம், நீராவி வெளியேறினால் கலவையின் விகிதமே மாறிவிடும். கலக்கிக்கொண்டே 1 கிராம் கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் என்ற கெட்டிப்பானைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். இந்தக் கெட்டிப்புதான் உப்பு அடியில் படிவதைத் தடுக்கிறது. உப்பு பிரிவதற்கு ஓர் உதாரணம்: 1948இல் அமெரிக்காவின் டோவர் நகரில் விஞ்ஞானி மரியா டெல்கெஸ் அமைத்த, சூரிய வெப்பத்தால் சூடாகும் வீட்டில், வெப்பத்தைச் சேமிக்கக் கிளாபர் உப்பு (நீர் சேர்ந்த சோடியம் சல்பேட்) பயன்பட்டது. சில குளிர்காலங்களிலேயே அது அடுக்கடுக்காகப் பிரிந்துபோனது. அடுத்து 2 கிராம் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் சேருங்கள். படிகம் உருவாக அது வித்தாக அமையும்.

இரண்டாம் படி: நுரை

95 சதவீதம் வெற்றிடம் கொண்ட, துளைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும் செம்பு நுரையை அசிட்டோனில் கழுவி உலர்த்துங்கள். அது பாத்திரச் சுவரோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும்; இடைவெளி இருந்தால் வெப்பம் அங்கேயே தடைபடும். அலுமினிய நுரை மலிவு என்று அதற்கு மாறினால், கால்சியம் குளோரைடு போன்ற உப்புகளை அதில் ஊற்றாதீர்கள், அரித்துவிடும்.

மூன்றாம் படி: நிரப்புதல்

நுரையையும் 80 டிகிரிக்குச் சூடாக்குங்கள். குளிர்ந்த நுரையில் ஊற்றினால் உப்பு மேற்பரப்பிலேயே உறைந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். சற்றே சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றி, குமிழ்கள் நிற்கும்வரை தட்டுங்கள். உப்பு உறையும்போது சுருங்கி, மீண்டும் உருகும்போது விரிவடையும் என்பதால், பாத்திரத்தின் மேல்பகுதியில் சற்று இடம் காலியாக இருக்கட்டும்.

ஒரு லிட்டர் நுரையில் செம்பு சுமார் 450 கிராம், உப்பு சுமார் 1.2 கிலோ. கொள்ளளவில் இழப்பு 5 சதவீதம்தான். எடையில் கால் பங்குக்கும் மேல். ஓரிடத்தில் நிற்கும் தொட்டிக்கு இது பொருட்டில்லை. தூக்கிச் செல்லும் கருவிக்கு யோசிக்க வேண்டும்.

நான்காம் படி: சோதனை

நுரை உள்ளதும் இல்லாததுமாக ஒரே அளவுள்ள இரு பாத்திரங்களின் நடுவில் தெர்மாமீட்டர் வையுங்கள். 80 டிகிரி நீரில் நிறுத்தி, எது முதலில் 58ஐத் தாண்டுகிறது என்று குறியுங்கள். பின்பு 30 டிகிரி நீருக்கு மாற்றுங்கள். வெப்பநிலை எவ்வளவு தாழ்ந்து, பிறகு 58ஐ நோக்கித் தாவுகிறது என்பதையும் எழுதிவையுங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்யும்போது 58 அருகே நிற்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தால், உப்பு பிரியத் தொடங்கிவிட்டது. முதல் படிக்குத் திரும்பிக் கெட்டிப்பானின் அளவைச் சற்றே கூட்டுங்கள்.