ஒலோஃப் பால்மே பத்தி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்வீடன் பிரதமரா இருந்த ஒலோஃப் பால்மே பத்தி எந்த வீடியோ, எந்த பதிவு எடுத்தாலும் முக்காவாசி அந்த ஒரு ராத்திரிலதான் ஆரம்பிக்குது. 1986 பிப்ரவரி 28, ஸ்டாக்ஹோம், மனைவியோட படம் பாத்துட்டு நடந்து வர்றாரு, கூட பாடிகார்ட் யாரும் இல்ல, பின்னாடி வந்த ஒருத்தன் சுட்டுட்டு ஓடிப்போறான், அப்புறம் கடைசி வரைக்கும் யாரு கொன்னாங்கன்னே போய்க்கிட்டிருக்கும். முதல் தப்பு இதுதான், மத்த தப்பு பாதி இதுலேர்ந்துதான் முளைக்குது. 1958லேர்ந்து சாகுற வரைக்கும் பார்லிமெண்ட்ல உக்காந்து வரி, பள்ளிக்கூடம், பென்ஷன்னு மல்லுக்கட்டின மனுஷன் அவரு, அதெல்லாம் விட்டுட்டு வெறும் மர்மக்கதை பாத்திரமா ஆக்கிடுறோம். எனக்கு ரொம்ப பிடிச்ச அரசியல்வாதிங்கறதால இது கொஞ்சம் வலிக்கவே செய்யுது.

அடுத்தது அவரு எங்கேர்ந்து வந்தாருங்கறது. தொழிலாளிங்க ஆதரவுல வளந்த சோஷியல் டெமாக்ரட் கட்சித் தலைவர்னு தெரிஞ்சதும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைன்னு எழுதிடுறாங்க. அப்படி இல்ல. 1927 ஜனவரி 30 அன்னைக்கு ஸ்டாக்ஹோம்ல பணக்காரங்க இருக்கற ஆஸ்டர்மால்ம் பகுதில பொறந்தவரு, தாத்தா ஒரு பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியோட தலைவர், அம்மா லாட்வியாவோட ரீகா பக்கத்து ஜெர்மன் பேசுற குடும்பம், படிச்சது சிக்தூனா போர்டிங் ஸ்கூல்ல. அப்புறம் அமெரிக்கா போயி ஒஹாயோ மாகாணத்துல கென்யன் காலேஜ்ல 1948ல டிகிரி முடிச்சாரு, முடிச்ச கையோட கையில காசு இல்லாம லிஃப்ட் கேட்டு கேட்டு அமெரிக்கா, மெக்சிகோன்னு சுத்தினாரு, அங்க பாத்த ஏழ்மையும் கறுப்பின மக்களுக்கு நடந்த அநியாயமும்தான் தன்னை மாத்துச்சுன்னு பின்னாடி அவரே சொல்லுவாரு. 1953ல இந்தியா, சிலோன், பர்மா, இந்தோனேசியான்னு ஆசியா முழுக்க ஒரு பயணம் வேற, காலனி ஆட்சி விட்டுட்டுப் போன நெலமையை நேர்ல பாத்துட்டுப் போனாரு. இந்தப் பின்னணியை விட்டுட்டா அவரு மேல இருந்த வெறுப்பு ஏன்னு புரியவே புரியாது. ஸ்வீடன் மேல்தட்டுக்கு அவரு வெறும் எதிர்க்கட்சிக்காரர் இல்ல, சொந்த வீட்டை விட்டுட்டு எதிர் வீட்ல போய் உக்காந்த பிள்ளை.

வருஷக் கணக்குல வர்ற தப்பு நிறைய. "1969லேர்ந்து 1986 வரை பிரதமர்"னு ஒரே மூச்சுல எழுதுவாங்க. ரெண்டு தடவை ஆட்சி அது: 1969 அக்டோபர்லேர்ந்து 1976 அக்டோபர் வரை, அப்புறம் 1982 அக்டோபர்லேர்ந்து சாகுற வரை. நடுவுல ஆறு வருஷம் எதிர்க்கட்சித் தலைவர். அதுக்கு முன்னாடி இருக்கற காலத்தையும் யாரும் கண்டுக்கறதில்ல. 1953ல அப்போ பிரதமரா இருந்த டாகே எர்லாண்டர் இவரை செக்ரட்டரியா எடுத்தாரு, அப்போ வயசு 26. 1963ல மந்திரி, 1965ல போக்குவரத்து மந்திரி. 1967 செப்டம்பர் 3ஆம் தேதி ஸ்வீடன் முழுக்க ஒரே நாள்ல வண்டிங்க இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கத்துக்கு மாறுச்சே, அந்த நேரத்துல அந்தத் துறை இவரு கையிலதான் இருந்துச்சு.

"ஸ்வீடனோட மக்கள்நல அரசை உருவாக்கினவர் பால்மே"ன்னு சொல்றதும் தப்பு. நாடு எல்லாரையும் பாத்துக்கற வீடு மாதிரி இருக்கணும்ங்கற "மக்களின் வீடு" எண்ணத்தை 1928லயே பேசினவரு அப்போ கட்சித் தலைவரா இருந்த பெர் அல்பின் ஹான்சன், அதை பென்ஷன், ஒன்பது வருஷ பொதுப் பள்ளிக்கூடம்னு கட்டி எழுப்பினவரு எர்லாண்டர், அவரு 23 வருஷம் பிரதமர். பால்மே செஞ்சது அதுக்கு மேல அடுத்த மாடி. புருஷன் பொண்டாட்டி சம்பளத்தை சேத்து வரி போடாம தனித்தனியா போடுற முறை 1971ல வந்துச்சு, 1974ல குழந்தை பொறந்தா அம்மாவுக்கு மட்டும் இல்லாம அப்பாவுக்கும் சம்பளத்தோட லீவு எடுக்கற உரிமை வந்துச்சு. பொம்பளைங்க வேலைக்குப் போறதை இந்த ரெண்டும் எவ்வளவு மாத்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க, என்னைக் கேட்டா வியட்நாம் பேச்சையெல்லாம் விட இதுதான் அவரு விட்டுட்டுப் போன பெரிய சொத்து. இதுல இன்னொன்னு, அவரு ஆட்சி முழுக்க அசைக்க முடியாத மெஜாரிட்டியோட ஓடினதும் இல்ல. 1973 தேர்தல்ல ரெண்டு அணிக்கும் சரியா 175, 175 சீட்டு, ஓட்டு சமமா விழுந்தா பார்லிமெண்ட்ல சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு பண்ணாங்க, அந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் மொத்த சீட்டை 349ஆ குறைச்சாங்க. எதிர்க்கட்சியோட பேசிப் பேசி சமரசம் பண்ணி ஆட்சி ஓட்டின ஆளு, பிடிவாதக்காரர்னு மட்டும் எழுதினா பாதி ஆளுதான் தெரிவாரு.

இப்போ பெரிய தப்புக்கு வர்றேன். அவரை கம்யூனிஸ்ட்டுன்னு சொல்றது. இது எங்கேர்ந்து வருதுன்னா, 1968 பிப்ரவரியில மந்திரியா இருக்கும்போதே வட வியட்நாமோட மாஸ்கோ தூதர் பக்கத்துல தீப்பந்த ஊர்வலத்துல நடந்தாரு, அமெரிக்கா தன் தூதரைத் திருப்பிக் கூப்டுக்கிச்சு. 1972 கிறிஸ்துமஸ் சமயத்துல ஹனோய் மேல குண்டு போட்டப்போ அதை கெர்னிக்கா, லிடிஸ், ட்ரெப்ளிங்கான்னு நாஜி ஜெர்மனி ஆளுங்க பொதுமக்களைக் கொன்னு குவிச்ச இடங்களோட ஒரே வரிசையில வெச்சுப் பேசினாரு, அமெரிக்க அதிபர் நிக்சனுக்கு கடுங்கோபம். 1975ல கியூபாவுக்கும் போனாரு. இத மட்டும் எடுத்தா அப்படித்தான் தோணும். ஆனா அந்த 1972 பேச்சோட பட்டியல்ல கட்டின் பேரும் இருந்துச்சு, போலந்து அதிகாரிங்களை சோவியத் ஆளுங்க கொன்னு புதைச்ச இடம் அது. 1968ல செக்கோஸ்லோவாக்கியா தலைநகர் பிராக்ல சோவியத் டாங்கி நுழைஞ்சப்போ கண்டிச்சாரு, 1975ல செக்கோஸ்லோவாக்கியா ஆட்சியாளருங்களை சர்வாதிகாரத்தோட கைப்பாவைங்கங்கற அளவுக்குத் திட்டினாரு. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, 1949ல, ஒரு செக் பொண்ணு அந்த நாட்டை விட்டு வெளிய வரணும்ங்கறதுக்காகவே அவங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. அதே 1975ல ஸ்பெயின்ல சர்வாதிகாரி பிராங்கோவோட அரசு அஞ்சு பேருக்கு மரண தண்டனை நிறைவேத்தினப்போ, நாட்டோட பிரதமர் ஸ்டாக்ஹோம் தெருவுல "ஸ்பெயின் விடுதலைக்கு"ன்னு எழுதின உண்டியலைக் கையில பிடிச்சுக்கிட்டு போறவங்க வர்றவங்ககிட்ட காசு வசூல் பண்ணாரு. அமெரிக்காவைத் திட்டினதை மட்டும் கட் பண்ணி ஒட்டினா கம்யூனிஸ்ட்டா தெரிவாரு, எல்லாத்தையும் சேத்து வெச்சாத்தான் சோஷியல் டெமாக்ரட்னா என்னன்னு தெரியும்.

கம்யூனிஸ்ட்டு இல்லன்னு ஒத்துக்கிட்டவங்க நேரா எதிர்ப்பக்கம் போயி அவரை சமாதானப் புறா ஆக்கிடுவாங்க, அதுவும் முழு உண்மை இல்ல. ஆயுதக் குறைப்புக்கு சர்வதேச கமிஷன் நடத்தினாரு, ஈரான் ஈராக் போர்ல ஐநா சார்பா சமரசம் பேசினாரு, 1985 ஜனவரியில ஆறு நாட்டுத் தலைவருங்க சேர்ந்து அணு ஆயுதத்துக்கு எதிரா டெல்லி பிரகடனம் கொண்டு வந்தப்போ ராஜீவ் காந்தியோட அதுல இருந்தாரு. அதே ஆளோட நாடுதான் சொந்தமா போர் விமானம் செஞ்சுச்சு, கட்டாய ராணுவ சேவை வெச்சிருந்துச்சு, ஸ்வீடன் ஆயுதக் கம்பெனி போஃபர்ஸோட பீரங்கியை இந்தியாவுக்கு விக்க அவரே பேசினாரு. நடுநிலைன்னா ஆயுதம் இல்லாம இருக்கறதுன்னு அர்த்தம் இல்ல, ஸ்வீடன்ல அப்போ யாரும் அப்படி நெனைச்சதும் இல்ல.

போஃபர்ஸ்னு வந்தாச்சு, நம்ம ஊர்ல அதிகமா பரவுற தப்பு இங்கதான். "போஃபர்ஸ் ஊழல் வெளிய வந்துச்சு, அதனால பால்மேவைக் கொன்னுட்டாங்க"ன்னு அடிச்சு விடுறாங்க. தேதியைப் பாருங்க. கொலை 1986 பிப்ரவரி 28. 155 எம்எம் பீரங்கி 410க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 1986 மார்ச் 24. லஞ்சம் கொடுத்தாங்கன்னு ஸ்வீடன் ரேடியோ செய்தி போட்டது 1987 ஏப்ரல் 16. கையெழுத்தாகும்போதே அவரு உயிரோட இல்ல. ஆயுத வியாபாரக் கோணத்தையும் போலீஸ் பாத்தாங்க, ஆனா கொலையோட முடிச்சுப் போடற மாதிரி நிரூபணமான ஆதாரம் எதுவும் வரல.

எல்லாருக்கும் பிடிச்ச தலைவர்னு எழுதறதையும் விடுங்க. 1976 தேர்தலுக்கு முன்னாடி, பிப்பிங்கற பொண்ணு வர்ற குழந்தைக் கதைகள் எழுதின ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் (அவங்களே சோஷியல் டெமாக்ரட்டுக்கு ஓட்டுப் போடறவங்கதான்) தன் வருமானத்துக்கு 102 சதவீதம் வரி வருதேன்னு பேப்பர்ல ஒரு நையாண்டிக் கதை எழுதினாங்க, நாடே அதைப் பத்திப் பேசுச்சு. அதோட அணு மின்சாரப் பிரச்சனையும் சேந்து, கிட்டத்தட்ட 44 வருஷம் தொடர்ந்த கட்சியோட ஆட்சி அந்த வருஷம் போச்சு. செத்ததுக்கு அப்புறம் வந்த பூமாலையை வெச்சு உயிரோட இருந்த காலத்தை எடை போடக் கூடாது.

கடைசியா அந்த வழக்கு. ரெண்டு பேரைப் போட்டுக் குழப்பிக்கிறாங்க, பேரு அவ்வளவு ஒட்டி இருக்கு. கிறிஸ்டர் பெட்டர்சன்ங்கறவரு 1989ல குற்றவாளின்னு தீர்ப்பாகி அதே வருஷம் மேல்முறையீட்டுல விடுதலையானவரு, 2004ல இறந்துட்டாரு. 2020 ஜூன் 10 அன்னைக்கு வழக்கை மூடறோம்னு அறிவிச்ச அரசு வக்கீலோட பேரும் கிறிஸ்டர் பெட்டர்சன்தான், ஸ்வீடிஷ் எழுத்துல மட்டும் சின்ன வித்தியாசம். அந்த வக்கீல் சந்தேக நபரா சொன்னது கொலை நடந்த இடத்துப் பக்கத்து ஆபீஸ்ல வேலை பாத்த ஸ்டிக் எங்ஸ்ட்ராமை, அந்த ஆளு 2000லயே செத்துப் போனதால விசாரணை, தீர்ப்பு எதுவும் நடக்கல. அதனால "கொலைகாரன் எங்ஸ்ட்ராம்"னு தலைப்பு வெக்காதீங்க, "2020ல அரசுத் தரப்பு சந்தேகப்பட்டவர்"னு போடுங்க.