ஸ்காபுறோவில் பழைய வீடு வாங்குமுன்: இன்ஸ்பெக்‌ஷனில் கண்வைக்க வேண்டிய இடங்கள்

கனடாவில் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபுறோவில் நம்மவர்கள் தேடிப்போகும் செங்கல் பங்களாக்களில் பல 1950களிலும் 60களிலும் கட்டியவை. சமையலறையைப் புதுப்பித்து, சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்து விற்பனைக்கு விடுவார்கள். காசைத் தின்னும் பகுதிகளோ சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் இருக்கின்றன. புதிதாகக் கட்டிய வீட்டுக்கு உள்ள, ராறியன் என்ற ஒன்ராறியோ அமைப்பின் உத்தரவாதம் பழைய வீட்டுக்கு இல்லை. பார்த்தால் தெரியக்கூடிய குறையை வாங்குபவரே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்றுதான் சட்டமும் பார்க்கும்.

அதனால் ஓஃபர் (வாங்கும் விலைக்கோரல்) எழுதும்போதே இன்ஸ்பெக்‌ஷன் நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள்: வீட்டைச் சோதித்துத் திருப்தியென்றால்தான் வாங்குவேன் என்பதே அது. ஐந்து வேலைநாள் அவகாசம் கேளுங்கள். "நிபந்தனை போட்டால் வீடு கிடைக்காது" என்று முகவர் சொன்னால், ஓஃபர் கொடுக்கும் நாளுக்கு முன்பே உங்கள் செலவில் இன்ஸ்பெக்ரரைக் கூட்டிப்போக அனுமதி கேட்கலாம். விற்பவர் எடுத்துவைத்த அறிக்கை இருந்தால் வாசியுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்; அதை எழுதியவர் உங்களுக்காக வேலைசெய்தவர் அல்லர்.

ஒன்ராறியோவில் வீட்டு இன்ஸ்பெக்ரர் வேலைக்கு அரசு உரிமம் கட்டாயமில்லை. ஆகவே ஆர்.எச்.ஐ. (பதிவுபெற்ற வீட்டு இன்ஸ்பெக்ரர்) போன்ற தகுதியும் தொழில் காப்புறுதியும் உண்டா என்று கேட்டு, மாதிரி அறிக்கை ஒன்றையும் வாங்கிப் பாருங்கள். கட்டணம் பெரும்பாலும் 400 முதல் 600 டாலர். வேலை முடிய மூன்று மணித்தியாலம் ஆகலாம். அத்தனை நேரமும் கூடவே நில்லுங்கள். அறிக்கையில் ஒரு வரியாக வருவதை அவர் கைகாட்டிச் சொல்லும்போதுதான் அதன் பாரம் விளங்கும்.

முதலில் மின்சாரம். வீடு வாங்கக் கடன் எடுக்க வீட்டுக் காப்புறுதி வேண்டும். காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பதே வயரிங் பற்றித்தான். 60 அம்பியர் இணைப்பென்றால் பல நிறுவனங்கள் மறுக்கும், அல்லது 100க்கு உயர்த்தச் சொல்லும். 1950க்கு முற்பட்ட வீடென்றால் பேஸ்மென்ற் கூரை மரங்களைப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் குமிழ்களைப் பிடித்துக்கொண்டு தனித்தனி வயர் ஓடினால் அது நொப் அன்ட் ரியூப் வயரிங். அதில் எர்த் இல்லை. 1960களின் நடுவிலிருந்து 70களின் கடைசிவரை கட்டிய வீடுகளில் அலுமினிய வயர் இருக்கலாம். சூடேறும்போது அலுமினியம் செம்பைவிடக் கூடுதலாக விரியும், ஆறும்போது சுருங்கும். நாளடைவில் பிளக் பொயின்ற்றின் திருகாணி தளர்ந்து, அந்த இடமே சூடாகித் தீப்பிடிக்கலாம். இதற்காக வீடு முழுக்க வயர் மாற்ற வேண்டியதில்லை. உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு இணைப்பிலும் செம்புத் துண்டு வைத்து முடித்து, இ.எஸ்.ஏ. (ஒன்ராறியோ மின் பாதுகாப்பு அதிகாரசபை) சான்றிதழும் எடுத்துத் தந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்கும். இன்ஸ்பெக்‌ஷன் நடக்கும் அதே வாரத்தில் காப்புறுதி முகவரிடம் பேசி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது பேஸ்மென்ற், அதாவது தண்ணீர். சுவரின் அடிப்பகுதியில் வெள்ளை உப்புப் படிவு இருந்தால் கல்லுக்குள்ளால் ஈரம் வருகிறது. மேலிருந்து கீழே ஓடும் மயிரிழை வெடிப்பு பெரும்பாலும் பயப்படத்தக்கதல்ல. புளொக் சுவரில் கிடையாக ஓடும் வெடிப்பு வேறு கதை: வெளிமண் சுவரை உள்ளே தள்ளுகிறது. அப்போது கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவர் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ற், மூலையில் ஓடும் ஈரமகற்றும் இயந்திரம், பூஞ்சண வாடை மூன்றும் சேர்ந்திருந்தால் ஏனென்று கேளுங்கள். வெளியே போய், மண் வீட்டுப் பக்கம் சரிகிறதா, பீலித் தண்ணீர் அத்திவாரத்தின் அடியிலேயே விழுகிறதா என்றும் பாருங்கள். பல கசிவுகள் அங்கேதான் தொடங்குகின்றன, திருத்தச் செலவும் குறைவு.

தண்ணீர் உள்ளே வரும் குழாயைச் சாவியால் மெல்லச் சுரண்டுங்கள். செம்பு நிறம் தெரிந்தால் நல்லது. மென்மையாகச் சுரண்டுப்பட்டு வெள்ளிபோல மின்னினால் ஈயம். காந்தம் ஒட்டினால் நாகம் பூசிய இரும்பு. அது உள்ளே துருப்பிடித்து அடைபடும். மேல்மாடிக் குழாயைத் திறந்துவிட்டு ரொய்லற்றையும் அடியுங்கள், தண்ணீர் மெலிந்தால் காரணம் அதுவாயிருக்கலாம்.

வீதிக்குப் போகும் கழிவுக் குழாய் வழக்கமான இன்ஸ்பெக்‌ஷனில் அடங்காது. பழைய களிமண் குழாயின் மூட்டுகளுக்குள் மரவேர் புகும். முற்றத்தில் பெரிய மரம் நின்றால் தனியாகக் கமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முற்றத்தைத் தோண்டும் செலவுக்கு முன் அந்தக் கட்டணம் ஒன்றுமேயில்லை.

கூரைக்குக் கீழே கூழாங்கல் போல மினுங்கும் வெர்மிகுலைற் கொட்டியிருந்தால் கை வைக்க வேண்டாம். அதில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம், ஆய்வுகூடத்தில்தான் தெரியும். கூரை ஓடு, ஃபேர்னஸ் இரண்டுக்கும் வயது கேளுங்கள். பதினைந்து தாண்டியிருந்தால் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். சுடுநீர்த் தாங்கி வாடகையா, சொந்தமா என்பதை ஓஃபரிலேயே எழுதுவியுங்கள்.

பேஸ்மென்ற் வாடகையை நம்பிக் கடன் கணக்குப் போடுபவர்கள், அந்தக் குடியிருப்புக்கு நகரசபை அனுமதி உண்டா என்று பத்திரத்தைக் கேளுங்கள். தனிச் சமையலறையும் தனி வாசலும் இருப்பதால் மட்டும் அது சட்டபூர்வமாகிவிடாது.

அறிக்கை வந்ததும் சில்லறைக் குறைகளை விட்டுவிட்டு, பெரிய செலவுகளுக்கு மட்டும் ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்டு, அதைக் காட்டி விலைக்குறைப்புக் கேளுங்கள். உடன்பாடு வராவிட்டால் கெடு முடியுமுன் சட்டத்தரணியிடம் பேசுங்கள். நிபந்தனையை விலக்கிக் கையெழுத்திடாத வரைக்கும் பின்வாங்க வழியுண்டு. வைப்புப்பணம் திரும்பிவர, இரு தரப்பும் விடுவிப்புப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.