டீசல் வழியாமல் டேங்க் நிரப்ப

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு எங்கள் லாரியில் சிமெண்ட் ஏற்றுகிறோம். டேங்க் நிரப்பிய நாளெல்லாம் மூடியைச் சுற்றி டீசல் கசிந்து, அதில் புழுதி அப்பிக் கிடக்கும். மூடியின் ரப்பர் வாஷரை மாற்றினோம். பாதிதான் குறைந்தது.

மீதிக்குக் காரணம் நுரை. டீசல் பெட்ரோலைவிட அதிகம் நுரைக்கும். பங்க்கில் டீசல் விடும் நாசிலின் (குழாய் மூக்கின்) முனையில் ஒரு சின்னத் துளை உண்டு. நுரையோ டீசலோ அதை அடைத்தால் 'டக்' என்று ஓட்டம் தானாக நின்றுவிடும். அப்புறம் நுரை அடங்கி மட்டம் இறங்கும். "இன்னும் கொஞ்சம் பிடிக்கும்ண்ணே" என்று பங்க் தம்பி ரூபாயை ரவுண்டாக்கப் பார்ப்பார். அங்கேதான் வழிகிறது! இப்போது முதல் 'டக்' சத்தத்தோடு சரி, போதும் என்று சொல்லிவிடுகிறேன். கடைசியில் மெதுவாக விட்டால் நுரையும் குறைவு. நாசிலை உடனே உருவாமல் சில நொடி விட்டு, முனையை மேல்நோக்கி எடுத்தால் சொட்டாது.

மலைக்குப் போகும்போது கழுத்துவரை நிரப்புவதே இல்லை. வெயிலில் டீசல் விரியும்; 20 கொண்டை ஊசி வளைவுகளில் டேங்க் சாயும்போது மூடி வழியே வெளியே வரும். பின்னால் வரும் பைக்காரர் அதில் சறுக்குவார், மழை நாளில் இன்னும் மோசம். பங்க்கில் சிந்தினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், பரவும். மணல் போட்டுக் கூட்டி அள்ளுங்கள்.