மலாவி மிஷன் பள்ளியில் காலைக் கஞ்சி காய்ச்சும் முறை

மலாவியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் 'லிக்குனி பாலா' கஞ்சிக்கு நாலு பங்கு மக்காச்சோளம், ஒரு பங்கு சோயா. சோயாவை வறுத்துத்தான் அரைக்க வேண்டும்; பச்சையாக அரைத்தால் கசக்கும், சரியாகச் செரிக்காது.

நூறு பிள்ளைகளுக்கு 10 கிலோ மாவு, 60 லிட்டர் தண்ணீர். கொதிநீரில் மாவை நேராகக் கொட்டினால் கட்டி தட்டி, உள்ளே வேகாமல் நிற்கும். 20 லிட்டர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, மீதி 40 லிட்டர் கொதிக்கும்போது ஊற்றி, நீளத் துடுப்பால் அடிபிடிக்காமல் கிண்டி 20 நிமிடம் வேகவிடுங்கள்.

மூட்டைகளைத் தரையில் வைக்காதீர்கள். பூஞ்சை பிடித்த மாவைச் சலித்துக்கூடப் பயன்படுத்தக் கூடாது.

முதல் மணிக்கு முன்பே பரிமாறுங்கள். பல பிள்ளைகள் வெறும் வயிற்றோடுதான் நடந்து வருகிறார்கள். ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். சபைக்கு வராத வீட்டுப் பிள்ளைக்கும் இஸ்லாமியப் பிள்ளைக்கும் அதே கரண்டி, அதே அளவு.