செய்வினை, மந்திரம் பத்தி பைபிள்ல இருந்து பேசப் போறீங்களா? இந்தத் தப்புகளைப் பண்ணாதீங்க

கோத்தகிரி, குன்னூர் பக்கம் எஸ்டேட் லைன் வீடுகள்ல வீட்டு ஜெபம் நடக்கும்ல, அங்க போய் வேதம் பேசுற தம்பி தங்கச்சிங்களுக்கு நான் பயிற்சி கொடுக்குறேன். வேற எந்தத் தலைப்பு கொடுத்தாலும் தயங்குற பிள்ளைங்க, பில்லிசூனியம்னு சொன்னா மட்டும் "அக்கா நான் பேசுறேன்"னு முன்னாடி வந்துடுவாங்க. கேக்குறவங்களும் அன்னைக்கு மட்டும் கண்ணு சிமிட்டாம உக்காந்திருப்பாங்க. ஆனா பேச ஆரம்பிச்சா, நாங்கல்லாம் இந்த ஊழியத்துக்கு வந்த புதுசுல பண்ணின அதே தப்புங்க ஒண்ணு விடாம திரும்ப வருது, கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க முடியலை, அதனாலதான் இதை எழுதுறேன்.

வசன எண் மாத்திச் சொல்றது, அப்போஸ்தலர்ல வர்ற எலிமா, சீமோன்ங்கிற ரெண்டு மந்திரவாதிகளையும் போட்டுக் குழப்பிக்கிறது, இதெல்லாம் பேசப் பேச சரியாகிடும். உபாகமம் 18:10-12-ல மந்திரவாதம், குறி, சூனியம் எல்லாமே கர்த்தருக்கு அருவருப்புன்னு இருக்கு, அதுல யாருக்கும் சந்தேகம் இல்லை. அதுக்கு அப்புறம் வர்ற தப்புங்கதான் ஆளையே காலி பண்ணுது.

யாத்திராகமம் 22:18-ஐ மட்டும் தனியா உருவி எடுக்குறது

"சூனியக்காரியை உயிரோடே வைக்கவேண்டாம்." இந்த ஒரு வரியை மைக்ல சத்தமா வாசிச்சுட்டு அடுத்த பாயிண்டுக்குப் போயிடுறாங்க. இது மோசே இஸ்ரவேல் ஜனத்துக்குக் கொடுத்த சட்டத்துல வர்ற வரி. அந்தச் சட்டத்துல நியாயாதிபதி உண்டு, விசாரணை உண்டு. ரெண்டு மூணு சாட்சி இல்லாம யாரையும் கொல்லக் கூடாதுன்னு உபாகமம் 17:6 சொல்லுது. 19-ம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேல போய், பொய்ச்சாட்சி சொன்னவன் அடுத்தவனுக்கு என்ன நடக்கணும்னு நெனச்சானோ அதையே அவனுக்குப் பண்ணுங்கன்னு சொல்லுது. இந்த வேலியை எல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு ஒத்தை வசனத்தை மட்டும் தூக்கினா என்ன ஆகும்னு சரித்திரத்துலயே இருக்கு. அமெரிக்காவுல சேலம்னு ஒரு ஊரு, 1692-ல அங்க சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்குல போட்டாங்க. "அந்தம்மாவோட உருவம் வந்து என்னை அமுக்குச்சு"ன்னு சொன்னதைக் கூட கோர்ட்டு சாட்சியா எடுத்துக்கிச்சு. இதைப் பண்ணின அத்தனை பேரும் பைபிள் படிக்கிற ஜனங்கதான்.

யாரு வச்சதுன்னு தேடுறது

இதைப் பத்தி எழுதத்தான் உக்காந்தேன், மத்ததெல்லாம் கூட வந்தது.

ஒரு லைன்ல ஒரு பையனுக்கு வலிப்பு. ஆஸ்பத்திரில காட்டி மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். வீட்டு ஜெபத்துக்கு வந்த ஒரு தம்பி, அப்பத்தான் பேச ஆரம்பிச்ச பிள்ளை, கண்ணை மூடிக்கிட்டு "இது இந்த லைன்ல தனியா இருக்குற ஒரு வயசான தாயார் கையில இருந்து வந்திருக்கு"ன்னு சொல்லிட்டான். அந்த லைன்ல தனியா இருந்த வயசானவங்க ஒருத்தங்கதான், பேரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மறுநாள்ல இருந்து கொழுந்து எடை போடுற இடத்துல அவங்க பக்கத்துல யாரும் நிக்கலை, பைப்புல அவங்க குடம் வச்சா மத்தவங்க குடத்தை எடுத்துட்டாங்க, சின்னப் பசங்க அவங்க கூரைத் தகரத்துல கல்லு விட்டாங்க. வாழ்நாள் பூரா அந்தத் தோட்டத்துல இலை பறிச்ச மனுஷி, மூட்டையைக் கட்டிக்கிட்டு மேட்டுப்பாளையத்துல இருக்குற மக வீட்டுக்குப் போயிட்டாங்க. இந்தப் பக்கம் பையன் வீட்டுல, "கட்டு அவுந்துடுச்சு, இனி மாத்திரை எதுக்கு"ன்னு நிறுத்திட்டாங்க. வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு முன்னைவிட அதிகமா வரும், எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வாங்க. டிசம்பர் குளிர்ல கணப்பு பக்கத்துல உக்காந்திருந்தவன் அப்படியே அதுல விழுந்து ஒரு கை வெந்துபோச்சு. பேசின தம்பி வேற ஊருக்குப் போயிட்டான். அந்தப் பையனோட அம்மா பின்னால மேட்டுப்பாளையம் போய் அழுதிருக்காங்க, ஆனா அந்தப் பெரியம்மா திரும்பி வரலை. அந்த லைன் வழியா போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது.

நம்ம மலைக்கு இது புதுசும் இல்லை. செய்வினை பண்றாங்கன்னு சந்தேகப்பட்டு 1835-ல இந்த நீலகிரியில 48 குறும்பர் பழங்குடி ஜனங்களைக் கொன்னுருக்காங்க, அப்புறம் 1875, 1882-ல கொஞ்சம் பேரு, 1900-ல ஒரு குடும்பத்தையே கொன்னுருக்காங்க. ஊருல சீக்கு வரும், மாடு சாகும், உடனே காட்டுல இருக்குற மருந்து தெரிஞ்ச ஆளு மேல பழி விழும். இப்படி ஒரு கணக்கு இருக்குற மண்ணுல நின்னுக்கிட்டு, அதுவும் இயேசு பேரைச் சொல்லிக்கிட்டு, இவங்கதான் வச்சாங்கன்னு விரலை நீட்ட எப்படித்தான் மனசு வருதோ.

சரி, பைபிள் என்ன சொல்லுது? மந்திரம் பண்ணாதே, மந்திரவாதிகிட்ட போகாதேன்னு சொல்லுது. உனக்கு யாரு வச்சாங்கன்னு கண்டுபிடின்னு ஒரு இடத்துலயும் சொல்லலை. அந்தக் காலத்துல பாபிலோன், அசீரியா பக்கமெல்லாம் இதுக்குன்னே மக்லூன்னு ஒரு பெரிய மந்திரத் தொகுப்பு இருந்துச்சு, களிமண் பலகையில எழுதினது, கிட்டத்தட்ட நூறு மந்திரம், ராத்திரியில நடக்குற சடங்கு, எனக்கு வச்ச சூனியக்காரியோட உருவத்தை பொம்மையா செஞ்சு நெருப்புல போட்டு அவ வச்சதை அவளுக்கே திருப்பி விடுறது. சுத்தி இருந்த ஜனம் இப்படி இருக்க, இஸ்ரவேலோட வேதத்துல அந்த மாதிரி ஒரு சடங்கு கூட கிடையாது. யோபுவைப் பாருங்க, பிள்ளைங்க போச்சு, சொத்து போச்சு, உடம்பு பூரா பருக்கள், கூட்டாளிங்க மூணு பேரு வந்து அதிகாரம் அதிகாரமா பேசுறாங்க, தப்புத் தப்பாவும் பேசுறாங்க, ஆனா அவங்க கூட "எவனோ உனக்குச் செய்வினை வச்சுட்டான்"னு சொல்லலை. யோவான் 9-ல பிறவிக் குருடனைக் காட்டி யார் செஞ்ச பாவம்னு சீஷர்கள் கேக்குறாங்க, இயேசு அந்தக் கேள்வியையே ஒதுக்கி வச்சுட்டு அவனைக் குணமாக்குறார்.

பிலேயாம் கதையைப் பேசாம இந்தத் தலைப்பை யாரும் பேசக் கூடாதுன்னு நான் சொல்வேன். எண்ணாகமம் 22 முதல் 24 வரை. மோவாப் ராஜா பாலாக், குறி சொல்ற பிலேயாமைக் காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்து, ஒரு உச்சியில இருந்து இன்னொரு உச்சிக்கு இழுத்துக்கிட்டுப் போறான், மூணு இடம், ஒவ்வொரு இடத்துலயும் ஏழு பலிபீடம், எப்படியாவது இஸ்ரவேல் ஜனத்தைச் சபிச்சுடுன்னு. கீழ கூடாரத்துல இருக்குற ஜனத்துக்கு மேல இப்படி ஒண்ணு நடக்குறதே தெரியாது. அவங்க எதிர்மந்திரம் போடலை, யாரையும் தேடலை, சமைச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருப்பாங்க. பிலேயாம் வாயில இருந்தே "யாக்கோபுக்கு விரோதமான மந்திரவாதம் இல்லை"ன்னு வருது, 23:23. அடுத்த 25-ம் அதிகாரத்துல அந்த ஜனம் விழுந்தது சாபத்தால இல்லை, தங்களோட சொந்தப் பாவத்தால. மலைமேல வாழ்ற நமக்கு இதைவிட நல்லா புரியற கதை எது?

கலாத்தியர் 5:20-ஐயும் முழுசா வாசிங்க. பில்லிசூனியம்னு சொன்ன கையோட பகைகள், விரோதங்கள், சண்டைகள், பிரிவினைகள்னு வரிசையா வருது. பக்கத்து வீட்டு ஆளை சூனியக்காரின்னு சொல்லி லைனை ரெண்டாக்குறவன் அதே பட்டியல்லதான் நிக்குறான்.

நோய்க்குக் காரணம் தெரியாதப்பதான் விரல் நீளுது. ஒரே வீட்டுல ரெண்டு மூணு பிள்ளைங்களுக்கு மூட்டு வலி, வலின்னா துடிக்கிற வலி, வரும் போகும் திரும்ப வரும், பாக்குறவங்களுக்கு வம்சத்துக்கே யாரோ வச்ச மாதிரிதான் தெரியும். அது சிக்கிள் செல் ரத்தசோகையா இருக்கலாம். அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பிள்ளைக்கு வர்ற கோளாறு, சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு சின்ன ரத்தக்குழாயில அடைச்சுக்கும். இந்தியாவுலயே இது முதல்ல பதிவானது நம்ம நீலகிரிப் பழங்குடி மக்கள்கிட்டதான், 1952-ல. ஒரு ரத்தப் பரிசோதனையில தெரியற விஷயம். யாக்கோபு 5:14 வியாதிக்காரனுக்கு மூப்பரைக் கூப்பிட்டு எண்ணெய் பூசி ஜெபம் பண்ணச் சொல்லுது, காரணமான ஆளைத் தேடச் சொல்லலை. யாராவது "யாரு வச்சதுன்னு சொல்லுங்க"ன்னு கேட்டா, ஜெபம் பண்ணுங்க, பண்ணிட்டு டாக்டர் சீட்டை வாங்கிப் பாருங்க, மாத்திரை ஒழுங்கா போகுதான்னு கேளுங்க. அதோட நிறுத்துங்க.

வசனத்தையே மந்திரமா ஆக்குறது

மந்திரம் கூடாதுன்னு ஒரு மணி நேரம் பேசிட்டு, கடைசியில "91-ம் சங்கீதத்தை இத்தனை தடவை சொல்லுங்க, தலையணை அடியில வைங்க, எண்ணெயை வாசப்படியில நாலு மூலையிலயும் தடவுங்க"ன்னு சொல்லி அனுப்புறாங்க. சொல்றவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா கேக்குற பாட்டிக்குத் தாயத்து மாறிச்சு, அவ்வளவுதான்.

அப்போஸ்தலர் 19-ல ஸ்கேவாவோட ஏழு பிள்ளைங்க பண்ணினது இதேதான். பவுல் சொல்ற பேருக்கு வேலை நடக்குதுன்னு பாத்துட்டு, "பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின்மேல் ஆணை"ன்னு ஒரு ஃபார்முலா மாதிரி சொல்லிப் பாத்தாங்க, பிசாசு பிடிச்சவன்கிட்ட அடி வாங்கி துணி கூட இல்லாம ஓடினாங்க. அது நடந்தது எபேசுல. அர்த்தமே தெரியாத ஆறு வார்த்தைகளை, எபேசு எழுத்துன்னு சொல்லி, காப்புக்காகச் சொல்றதுக்கும் கட்டிக்கிறதுக்கும் பேர் போன ஊரு அது. அந்த ஊருலயே இயேசு பேரு ஏழாவது வார்த்தையா சேரலை. மந்திரம்னா சொல்றவன் கையில சக்தி, சொன்னா நடந்தே ஆகணும். ஜெபம்னா நாம கேக்குறோம், அவர் பதில் வேற மாதிரியும் இருக்கலாம். "அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்"னு மத்தேயு 6:7 சொல்றது இதைத்தான்.

இந்த ஆசை ரொம்பப் பழசுதான், ஒத்துக்கிறேன். 1979-ல எருசலேம்ல ஒரு பழைய கல்லறையில ரெண்டு சின்ன வெள்ளிச் சுருள் கிடைச்சுது, உள்ள "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து"ங்கிற ஆசாரிய ஆசீர்வாதம், கி.மு. 600-ஐ ஒட்டின காலத்துலயே யாரோ அதை உடம்புல கட்டியிருக்காங்க. வசனத்தைச் சுவத்துல மாட்டுறதையோ மனப்பாடம் பண்றதையோ நான் தப்புன்னு சொல்லலை. ஆனா தேவனே செய்யச் சொன்ன வெண்கலப் பாம்புக்கு ஜனம் தூபம் காட்ட ஆரம்பிச்சதும் எசேக்கியா ராஜா அதை உடைச்சுப் போட்டான், 2 இராஜாக்கள் 18:4. அந்த வசனத்தையும் சேத்துச் சொல்லி அனுப்புங்க.

எந்தோர்ல வந்தது நிஜமாவே சாமுவேலா?

அதுல அரை மணி நேரம் ஓட்டாதீங்க. செத்துப்போன சாமுவேலை எழுப்பச் சொல்லி சவுல் ராஜா எந்தோர் ஊருல அஞ்சனம் பாக்குறவகிட்ட போனது தப்பு, 1 நாளாகமம் 10:13.

நாள் பாக்குறதை விட்டுடுறது

உபாகமம் 18:10 பட்டியல்ல சூனியக்காரனுக்கு முன்னாடியே "நாள்பார்க்கிறவன்" வந்துடுறான். சூனியம்னா சபையே ஆமென் போடும், ராகுகாலம் பாத்துக் கல்யாண ஓலை எழுதுறதைச் சொன்னா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அதையும் சொல்லணும்.

மத்தவங்க சாமியை இழுக்குறது

வேண்டாம். படுகர் ஜனம் கும்பிடுற ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் போறவங்க நம்ம பக்கத்து வீட்டு ஜனம். எபேசுல பவுல் ரெண்டு வருஷத்துக்கு மேல இருந்தார், கலகம் வந்தப்ப அந்த ஊரு அதிகாரியே பவுலோட கூட்டாளிங்களைப் பத்தி "உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களுமல்ல"ன்னு சாட்சி சொல்றான், அப்போஸ்தலர் 19:37.

எரிக்கச் சொல்றது, அறுக்கச் சொல்றது

அதே 19-ம் அதிகாரத்துல மந்திரப் புஸ்தகங்களை எரிச்சாங்க, விலை ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. இதைச் சொல்லிட்டு உடனே யார் வீட்டு அலமாரியையாவது திறக்கப் போயிடாதீங்க, குழந்தை அரைஞாண்ல இருக்குற மந்திரிச்ச கயிறை கத்தரிக்கோலால வெட்டப் போயிடாதீங்க. 18, 19 ரெண்டு வசனத்தையும் நிதானமா வாசிச்சா, அவங்க தானா வந்து, தாங்க செஞ்சதை அறிக்கை பண்ணி, சொந்தப் புஸ்தகத்தைத் தாங்களே கொண்டுவந்து எரிச்சாங்கன்னு இருக்கு. யாரும் யார் வீட்டுக்குள்ளயும் நுழையலை. பாட்டி ஆசையா கட்டிவிட்ட கயிறை நீங்க அறுத்தா, அடுத்த காய்ச்சலுக்கு நீங்கதான் காரணம்னு ஆகும், அந்த வீட்டு வாசல் உங்களுக்கு அப்புறம் திறக்காது. அந்தக் குழந்தையோட அம்மாவே ஒருநாள் "இதை எடுத்துடலாமா?"ன்னு கேட்டா, பாட்டியையும் கூப்பிட்டு உக்காரவச்சுப் பேசுங்க, பேசி முடிச்சு அவங்க கையாலேயே அவுக்கட்டும்.