தறி ஓடும் ஊரில் நாடித்துடிப்பு சென்சாருக்கு ஃபில்டர் அமைப்பது

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய அறையில் விரல்நுனி நாடித்துடிப்பு சென்சாரை வைத்தால் மூன்று தொல்லைகள் அலையில் ஏறும்: மின்வயரிலிருந்து 50 ஹெர்ட்ஸ், சோக் போட்ட டியூப்லைட்டிலிருந்து 100 ஹெர்ட்ஸ், தறியின் அடி. முதல் இரண்டை ஃபில்டர் அடக்கிவிடும். மூன்றாவதற்கு வேறு வைத்தியம்.

சென்சார் டிசிஆர்டி5000: ஒளி வீசும் எல்இடியும், விரலில் பட்டுத் திரும்பும் ஒளியை உணரும் போட்டோ டிரான்சிஸ்டரும் ஒன்றாக உள்ளது. அதன் எல்இடிக்கு 5 வோல்ட்டிலிருந்து 150 ஓம்; ஏறக்குறைய 25 மில்லி ஆம்பியர் ஓடும். போட்டோ டிரான்சிஸ்டரின் எமிட்டர் கிரவுண்டில், கலெக்டர் 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டில். விரல் வைத்ததும் கலெக்டரில் 1 முதல் 4 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.5-க்குக் கீழே இறங்கினால் டிரான்சிஸ்டர் முழுக்கத் திறந்துவிட்டது என்று பொருள். துடிப்பு அங்கேயே தொலைந்துவிடும், பின்னால் எந்த ஃபில்டராலும் மீட்க முடியாது. 4.7 கிலோ ஓமுக்கு மாற்றி, விரல்மேல் கறுப்புத் துணி போர்த்துங்கள்.

ஐசிக்கு எம்சிபி6004 வாங்குங்கள். உள்ளே நான்கு ஆப்-ஆம்ப், அதாவது சிற்றலையைப் பெருக்கும் சுற்றுகள்; ஒவ்வொன்றுக்கும் பிளஸ், மைனஸ் என இரண்டு உள்ளீட்டுக் கால், ஒரு அவுட்புட். ஒன்றை 2.5 வோல்ட் ஆதாரப் புள்ளிக்கு ஒதுக்குங்கள்: இரண்டு 10 கிலோ ஓமால் 5 வோல்ட்டைப் பாதியாக்கி, நடுப்புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோ ஃபாரட், பிறகு அந்த ஆப்-ஆம்ப் பஃபராக (மைனஸ் அவுட்புட்டில், பிளஸ் நடுப்புள்ளியில்). ஐசியின் சப்ளை கால்களை ஒட்டியே 100 நானோ ஃபாரட் ஒன்று.

ஃபில்டர் கட்டம் இப்படி: கலெக்டரிலிருந்து 1 மைக்ரோ ஃபாரட் வழியாகப் பிளஸ் கால், அந்தக் காலிலிருந்து ஆதாரப் புள்ளிக்கு 330 கிலோ ஓம். இது 0.48 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும். மைனஸ் காலிலிருந்து ஆதாரப் புள்ளிக்கு 10 கிலோ ஓம். அவுட்புட்டுக்கும் மைனஸுக்கும் நடுவே 470 கிலோ ஓமும் 68 நானோ ஃபாரடும் ஒன்றுக்கொன்று இணையாக (பேரலலாக). பெருக்கம் 48, மேல் வெட்டு 5 ஹெர்ட்ஸ். இதே கட்டத்தை இன்னொன்று அடுத்துக் கட்டி, நடுவில் 10 கிலோ ஓம் பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் வெட்டுகள் நெருங்கி 0.75 முதல் 3.2 ஹெர்ட்ஸ், அதாவது நிமிடத்துக்கு 45 முதல் 190 துடிப்பு நிற்கும். 50 ஹெர்ட்ஸ் நூறில் ஒரு பங்காகக் குறையும். எண்ணிக்கை மட்டும் போதாது, அலையின் வடிவமும் வேண்டுமென்றால் 68-க்குப் பதில் 33 நானோ ஃபாரட்.

மீதமுள்ள ஆப்-ஆம்பை அந்தரத்தில் விடாதீர்கள்: பிளஸை ஆதாரப் புள்ளியிலும் மைனஸை அதன் அவுட்புட்டிலும் கட்டுங்கள்.

கையில் இருக்கிறதே என்று எல்எம்358 போட வேண்டாம். அதன் உள்ளீட்டில் கசியும் 45 நானோ ஆம்பியர், 330 கிலோ ஓமில் 15 மில்லி வோல்ட் ஆகி, 48 மடங்கில் 0.7 வோல்ட் நகர்ந்துவிடும். 5 வோல்ட் சப்ளையில் அவுட்புட்டும் 3.5-ஐத் தாண்டாது. 1 மைக்ரோ ஃபாரடுக்கு எலக்ட்ரோலிட்டிக்கும் கூடாது, அதுவும் கசியும். செராமிக் அதிர்வையே மின்னழுத்தமாக்கக்கூடியது. தறிக்குப் பக்கத்தில் ஃபிலிம் கெப்பாசிட்டர்தான் சரி.

இனி தறி. நிமிடத்துக்கு 100-க்கு மேல் அடிக்கும் தறியும் இதயமும் ஒரே ஹெர்ட்ஸில் நடக்கின்றன. எவ்வளவு கூர்மையான ஃபில்டரானாலும் இரண்டையும் பிரிக்காது. விரலை எடுத்துவிட்டு, சென்சாரிலிருந்து சிறிது தள்ளி வெள்ளைக் காகிதத்தை அசையாமல் நிறுத்திப் பாருங்கள். கலெக்டரில் அதே 1 முதல் 4 வோல்ட் இருந்தும் அலை தறியோடு சேர்ந்து ஆடினால் அதிர்வுதான் காரணம். முழங்கையிலிருந்து கை முழுவதும் தடித்த ஸ்பாஞ்சில் படுக்கட்டும். சென்சாரை மேசையில் ஒட்டாமல் விரலோடு வெல்க்ரோ பட்டையால் இதமாகக் கட்டுங்கள். இறுக்கினால் ரத்தம் நின்று துடிப்பே சுருங்கும். விரல் வைத்தபின் ஐந்து விநாடி கழித்து எண்ணத் தொடங்குங்கள். கெப்பாசிட்டர்கள் நிலைக்கு வர அவ்வளவு நேரம் வேண்டும்.